கல் குவாரியை ஆய்வு செய்வது எப்படி: சுரங்கப் பாதுகாப்பு ஆய்வாளருக்கான வழிமுறை

கல் குவாரிக்குள் போகும் ஆய்வாளரை முதலில் அலுவலக அறையில் உட்கார வைத்து, பதிவேடுகளை அடுக்கி, இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள். அதற்குள் கீழே குழியில் ஆட்களை மேலே ஏற்றி அனுப்பிவிட முடியும். அதனால் வண்டியை விட்டு இறங்கியதும் குழியின் விளிம்புக்குப் போய்விடுங்கள். பதிவேட்டைக் கடைசியில் பார்த்தால் போதும். இந்த வழிமுறை தமிழ்நாட்டின் ஜல்லி, எம்-சாண்ட் குவாரிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. நிலக்கரிக்கும் நிலத்தடிச் சுரங்கத்துக்கும் வேறு ஒழுங்குமுறைகள் உண்டு.

யாருடைய வேலை எது

குத்தகை, கனிமக் கட்டணம், எல்லை, நடைச்சீட்டு எல்லாம் மாவட்ட ஆட்சியரும் மாநில அரசின் புவியியல் மற்றும் சுரங்கத் துறையும் பார்ப்பவை. வெடிமருந்துக் கிடங்கு உரிமம் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பிடம். குழிக்குள் வேலை செய்கிறவரின் உயிர் சம்பந்தப்பட்ட அத்தனையும் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ், தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்பு தலைமை இயக்ககத்தின் பொறுப்பு. குத்தகை காலாவதியான குழியாக இருந்தாலும், ஆள் வேலை செய்தால் ஆய்வாளர் உள்ளே போகலாம்.

"எங்கள் குவாரி சின்னது, சுரங்கச் சட்டம் பொருந்தாது" என்று வாதாடுவார்கள். 1952 சுரங்கச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு கட்டடக் கல், ஜல்லி, செம்மண் போன்றவற்றுக்கு விலக்கு கொடுத்தது உண்மைதான். ஆனால் திறந்தவெளிக் குழிக்கு மூன்று நிபந்தனைகளும் சேர்ந்து இருக்க வேண்டும்: எந்த இடத்திலும் ஆழம் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது, எந்த ஒரு நாளிலும் 50 பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது, வெடிமருந்து பயன்படுத்தக் கூடாது. ஒரே ஒரு வெடிக்குழியின் தடம் கிடைத்தால் விலக்கு போயிற்று. விலக்கு உள்ள இடத்திலும் ஆய்வாளர் நுழையும் உரிமையும், 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான தடையும் அப்படியே இருந்தன.

2025 நவம்பர் 21 முதல் 2020 ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கிறது. ஆணை எழுதும் முன் அன்றைக்கு நடப்பில் உள்ள பிரிவு எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கீழே வரும் அளவுகள் 1961 ஆம் ஆண்டு உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளை ஒட்டியவை.

புறப்படும் முன்

கோப்பில் நான்கு தாள்களைத் தேடுங்கள்: முந்தைய ஆய்வுக் கடிதமும் அதற்கு வந்த பதிலும், மேலாளர் நியமனம், பெஞ்ச் (குழிச் சுவரில் படிக்கட்டு போல வெட்டும் படி) உயரத்துக்கும் இயந்திரங்களுக்கும் கொடுத்த அனுமதிக் கடிதம், கடைசி விபத்து அறிவிப்பு. முந்தைய கடிதத்தில் சுட்டிய குறையும் "சரிசெய்துவிட்டோம்" என்ற பதிலும் இருந்தால், அந்த இடத்துக்கே முதலில் போக வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் குழியின் விளிம்பு குத்தகை எல்லையை எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று அளந்து வையுங்கள். எல்லையிலிருந்து 7.5 மீட்டர் விட்டுத்தான் வெட்ட வேண்டும். தன்னுடையதல்லாத சாலை, ரயில் பாதை, வீட்டிலிருந்து 45 மீட்டருக்குள் வெட்ட எழுத்து மூலமான அனுமதி தேவை.

கையில் 30 மீட்டர் டேப், லேசர் தூரமானி, சாய்வுமானி, ஜிபிஎஸ், கேமரா, ஹெல்மெட், பாதுகாப்பு ஷூ, ஒளிரும் மேலங்கி. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. பகலிலும் இரவிலும் போகலாம். வெடி வைக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்தால் மருந்து நிரப்புவதையும் பார்க்கலாம். இரவு வேலை நடக்கும் குவாரி என்று தெரிந்தால் இரவில் ஒருமுறை போயே ஆக வேண்டும். 2022 மே 14 இரவு திருநெல்வேலி அடைமிதிப்பான்குளத்தில் பாறை சரிந்தபோது ஆழக் குழிக்குள் ஆறு பேர் இருந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். இருட்டில் மேலிருந்து கல் உதிர்வது கீழே இருப்பவருக்குத் தெரியாது.

விளிம்பு

குழியைச் சுற்றி முழுச் சுற்று நடங்கள். விளிம்பை ஒட்டி நடக்காமல், வெடிப்பு இருக்கிறதா என்று மண்ணைப் பார்த்துக்கொண்டே, குழியிலிருந்து சற்று விலகி நடக்க வேண்டும். விளிம்புக்கு இணையாக ஓடும் வெடிப்புதான் சரிவின் முதல் அறிகுறி. அதன் நீளம், அகலம், விளிம்பிலிருந்து தூரம் மூன்றையும் குறியுங்கள். வெடிப்பின் ஓரம் கூர்மையாக, புல் வேர் புதிதாக அறுந்து, உள்ளே ஈரமண் தெரிந்தால் அது அண்மையில் திறந்தது. அதற்கு நேர் கீழே அந்த நிமிடமே ஆட்களை வெளியேற்றச் சொல்லுங்கள். ஓரம் மழுங்கி, சருகும் தூசியும் நிறைந்திருந்தால் பழையது. இருபுறமும் ஆணி அடித்து இடைவெளியைத் தினமும் அளந்து எழுத மேலாளருக்கு உத்தரவிடலாம்.

விளிம்பிலிருந்து 3 மீட்டருக்குள் மரமோ உதிரிக் கல்லோ கழிவுக் குவியலோ இருக்கக் கூடாது. மேல்மண்ணை 45 பாகைக்கு மிகாமல் சரித்திருக்க வேண்டும், இல்லையென்றால் 1.5 மீட்டருக்கு மிகாத படிகளாக, ஒவ்வொன்றும் தன் உயரத்துக்குக் குறையாத அகலத்தோடு வெட்டியிருக்க வேண்டும். சுற்றிலும் வேலி வேண்டும். இரவில் ஆடு மாடும் குடித்துவிட்டு வருகிறவர்களும் விழுவது வேலியில்லாத பக்கத்தில்தான். விளிம்பருகே மழைநீர் தேங்கும் பள்ளத்தை அலட்சியமாக விடாதீர்கள். நம் பக்கத்துச் சார்னோகைட், நைஸ் பாறைகள் கெட்டியானவைதான். ஆனால் அவற்றின் இடுக்குகளில் களிமண் படிந்திருக்கும். தண்ணீர் இறங்கினால் களிமண் வழுக்கும், இடுக்கில் நீரின் அழுத்தமும் ஏறும். இடுக்குத் தளங்கள் குழியை நோக்கிச் சாய்ந்து, அவற்றின் கீழ் நுனி சுவரில் வெளியே தெரிந்தால் அந்தச் சுவரே ஆபத்து. எதிர்ப்புற விளிம்பில் நின்று பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்.

சுவரும் பெஞ்சும்

கெட்டிப் பாறையில் பெஞ்ச் உயரம் 6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இயந்திரம் வைத்து அதிகமாக வெட்ட வேண்டுமானால் தனி அனுமதி வேண்டும், அதன் நிபந்தனைகள் அப்படியே கடைப்பிடிக்கப்பட வேண்டும். உயரத்தை அளக்கச் சுவரடிக்குப் போகாதீர்கள். சுவரிலிருந்து 20 மீட்டர் தள்ளி நின்று சாய்வுமானியில் உச்சியைப் பாருங்கள். கோணம் 50 பாகை என்றால் 20 ஐ 1.19 ஆல் (50 பாகையின் டேன் மதிப்பு) பெருக்க 23.8, கண் உயரம் 1.6 சேர்த்தால் சுமார் 25.4 மீட்டர். அளந்த இடத்தின் ஜிபிஎஸ் புள்ளி, கோணம், தூரம் மூன்றையும் குறிப்பேட்டில் எழுதி மேலாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். "மிக உயரமாக இருந்தது" என்ற வரி நீதிமன்றத்தில் நிற்காது.

பெஞ்ச் ஏன் காணாமல் போகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் ஆணை சரியாக எழுத வரும். ஒரு ஹெக்டேர் சதுரக் குத்தகையை எடுத்துக்கொள்வோம்: 100 மீட்டருக்கு 100 மீட்டர். இருபுறமும் 7.5 விட்டால் 85. 6 மீட்டர் உயரம், 6 மீட்டர் அகலம் என்று ஆறு பெஞ்ச் இறங்கினால் ஆழம் 36 மீட்டர். அடித்தளம் 25 மீட்டர் சதுரமாகச் சுருங்கிவிடும். செங்குத்தாக இறங்கினால் அடிவரை 85 மீட்டரும் கல். பெஞ்ச் என்பது குத்தகைக்காரருக்கு விற்க முடியாமல் நிற்கும் கல். அதனால் முதல் இரண்டு பெஞ்சிலேயே பிடித்தால்தான் உண்டு. 40 மீட்டர் செங்குத்தாகப் போன பிறகு "பெஞ்ச் அமைக்கவும்" என்று எழுதுவதில் பயனில்லை. பெஞ்சை மேலிருந்து கீழாகத்தான் வெட்ட முடியும். அப்படிப்பட்ட குழியில் அடித்தள வேலையை நிறுத்தி, மேல் பெஞ்சிலிருந்து திருத்தி வரச் சொல்ல வேண்டும். மேலே வேலை நடக்கும்போது நேர் கீழே ஒருவரும் இருக்கக் கூடாது.

சுவரைப் பக்கவாட்டில் நின்று பார்த்து, மேற்பகுதி துருத்தியிருக்கிறதா என்று கவனியுங்கள். ஹிட்டாச்சியால் சுவரடியைக் குடைந்து கல் அள்ளும் பழக்கம் எங்கும் உண்டு. அடியைக் குடைவது முழுத் தடை. உதிரிக் கல்லை மேலிருந்து, இடுப்புப் பட்டையும் உறுதியாகக் கட்டிய கயிறும் போட்டுக் கடப்பாரையால் தட்டி இறக்க வேண்டும். கீழிருந்து ஹிட்டாச்சிக் கையை நீட்டித் தட்டினால் கல் கேபின் மேலேயே வரும்.

வெடி

மருந்து நிரப்புகிறவரின் பிளாஸ்டர் (வெடி வைப்பவர்) சான்றிதழை வாங்கி, அதிலுள்ள புகைப்படத்தையும் எதிரில் நிற்பவரையும் ஒப்பிடுங்கள். சான்றிதழ் ஒருவர் பெயரில், வேலை இன்னொருவர் கையில் என்பதுதான் அடிக்கடி அகப்படும் குறை. 2025 ஏப்ரல் முதல் மின் டெட்டனேட்டர்களுக்கு (மின்சாரத்தால் மருந்தை வெடிக்கத் தூண்டும் குப்பிகள்) தடை வந்துவிட்டது. பழைய இருப்பு கண்ணில் பட்டால் குறியுங்கள்.

முந்தைய நாள் வெடித்த இடத்தில் வெடித்துளைகளின் அடித்துண்டுகள் மிஞ்சியிருக்கும். அவற்றுக்குள் மருந்து தங்கியிருக்கலாம். நேரம் மிச்சம் என்று அதே துளையில் ஜாக்ஹாமரை (கையால் பிடித்துத் துளையிடும் கருவி) இறக்கினால் ஓட்டுகிறவர் உயிர் போகும். துளையிடத் தொடங்கும் முன் தரையைக் கழுவி அடித்துண்டுகளைக் குறித்திருக்கிறார்களா என்று நேரில் பாருங்கள். வெடிக்காத துளைக்கு இணையாக, குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளிப் புதுத் துளை போட்டு வெடிக்க வேண்டும். பழைய மருந்தைத் தோண்டி எடுக்கக் கூடாது.

கல் பறப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு: துளையின் வாயைக் குறைவாக அடைப்பது, சுவர் முகத்துக்கு மிக அருகில் துளை போடுவது. அடைப்பு களிமண்ணாலோ துளைத்தூளாலோ இருக்க வேண்டும். ஜல்லி போட்டு அடைத்தால் அந்த ஜல்லியே பறக்கும். ஆபத்து வட்டம் ஒழுங்குமுறையில் 300 மீட்டர். ஆழ்துளை வெடிப்புக்கான அனுமதிகளில் 500 என்று இருக்கும். வட்டத்துக்குள் பிறருடைய கட்டடம் இருந்தால், அனுமதியின்றி ஒரே நேரத்தில் வெடிக்கும் மொத்த மருந்து 2 கிலோவைத் தாண்டக் கூடாது. வீட்டில் விரிசல் என்று ஊர்க்காரர்கள் முறையிட்டால் அதிர்வுமானியை அந்த வீட்டிலேயே வைத்து அளக்கச் சொல்லுங்கள். சாதாரண வீடுகளுக்கு, அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழ் இருந்தால் அதிர்வின் வேகம் விநாடிக்கு 5 மில்லிமீட்டர், 8 முதல் 25 வரை 10, அதற்கு மேல் 15 என்பது தலைமை இயக்ககத்தின் 1997 சுற்றறிக்கை வகுத்த வரம்பு.

தூசி

இது உடனே கொல்வதில்லை என்பதாலேயே விடுபட்டுப்போகிறது. சுவாசத்தில் நுழையும் தூசியின் வரம்பைக் கணக்கிட 15 ஐத் தூசியிலுள்ள சிலிக்காவின் சதவீதத்தால் வகுக்க வேண்டும். சிலிக்கா 30 சதவீதம் என்றால் கன மீட்டருக்கு 0.5 மில்லிகிராம்தான். தண்ணீர் விடாமல் ஓடும் ஜாக்ஹாமர் இந்த வரம்புக்குள் நிற்காது. தண்ணீர்க் குழாய் பொருத்தியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து வந்துவிடாதீர்கள். துளைத்தூள் சேறாக வெளியே வர வேண்டும். கிரஷரில் கன்வேயர் கல்லைக் கொட்டும் இடத்தில் மூடியும் தெளிப்பானும் வேலை செய்ய வேண்டும். மார்பு எக்ஸ்ரே படங்களைக் கேளுங்கள்; வேலையில் சேரும்போது ஒன்று, பிறகு ஐந்தாண்டுக்குள் மறுபடி. துளையிடும் வேலையில் பல ஆண்டு இருப்பவருக்கு இருமலும் மூச்சிரைப்பும் இருந்தால், காசநோய் என்று மருந்து வாங்கிக்கொண்டிருந்தாலும், சிலிக்கோசிஸ் சோதனைக்கு எழுத்தில் சொல்லுங்கள். அது அறிவிக்கப்பட்ட தொழில்நோய். இழப்பீடு அந்தத் தாளில் தொடங்குகிறது.

டிப்பர் போகும் பாதையில் வெளிப்புறத் தடுப்பு மேட்டின் உயரம் டிப்பர் டயர் விட்டத்துக்குக் குறையக் கூடாது. பின்னோக்கிப் போகும்போது ஒலிக்கும் கருவியும் பிரேக்கும் வேலை செய்கின்றனவா என்று டிரைவரை ஓட்டச் சொல்லிப் பாருங்கள்.

பதிவேடும் ஆணையும்

கீழே பார்த்த ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் நீங்களே எழுதி வைத்திருந்தால் வருகைப் பதிவேடு பொய் சொல்ல முடியாது. வெளிமாநிலத் தொழிலாளர்களிடம் மேஸ்திரியைத் தள்ளி நிற்க வைத்துவிட்டு, அவர்கள் மொழி தெரிந்தவர் மூலம் கேளுங்கள். பெயர் இல்லாதவருக்கு விபத்து நடந்தால் அவர் அங்கே வேலையே செய்யவில்லை என்று சொல்லிவிடுவார்கள்.

உடனடி ஆபத்து இருந்தால் தடையாணையை அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். "வடக்குப் பகுதி" என்று எழுதாதீர்கள். "வடக்குச் சுவரில் ஏ முதல் பி வரை 60 மீட்டர் நீளம், சுவரடியிலிருந்து 25 மீட்டர் வரை, ஆளோ இயந்திரமோ செல்லக் கூடாது" என்று எழுதி, இரு புள்ளிகளின் ஜிபிஎஸ் எண்ணையும் சேருங்கள். தடைத் தூரம் சுவரின் உயரத்துக்குக் குறையாமல் இருப்பது நல்லது. எது செய்து முடித்தால் தடை நீங்கும் என்பதையும் எழுதுங்கள். அது இல்லாத தடையை இரண்டு வாரத்தில் மீறத் தொடங்கிவிடுவார்கள். நீக்கும் முன் மறுபடி நேரில் அளக்க வேண்டும். அவர்கள் அனுப்பும் புகைப்படத்தை நம்பி நீக்கக் கூடாது.

உயிரிழப்பு நடந்தால்

மீட்பதற்கும் அடுத்த ஆபத்தைத் தடுப்பதற்கும் தவிர, சம்பவ இடத்தைக் கலைக்கக் கூடாது. ஆனால் 72 மணி நேரத்துக்குள் ஆய்வாளர் போகாவிட்டால் அங்கே வேலையைத் தொடரலாம் என்று 1952 சட்டம் இடம் கொடுத்தது. தாமதித்தால் சாட்சியம் டிப்பரில் ஏறிப் போய்விடும். விழுந்த கல்லின் அளவு, அது பெயர்ந்த இடத்தின் வடு, இரண்டுக்கும் இடைத்தூரம், இறந்தவர் நின்ற இடம் ஆகியவற்றை முதலில் அளந்து படம் எடுங்கள். உடன் வேலை செய்தவர்களிடம் தனித்தனியாக, முதலாளி தரப்பு இல்லாத இடத்தில், அன்றே வாக்குமூலம் வாங்குங்கள். மறுநாள் பலர் சொந்த ஊருக்கு அனுப்பப்பட்டிருப்பார்கள். மருத்துவமனையில் இருப்பவரை மறக்காதீர்கள். விசாரணையைத் தகவல் கிடைத்த இரண்டு மாதத்துக்குள் நடத்த வேண்டும். உரிமையாளர், முகவர், மேலாளர், போர்மேன், மேட் (போர்மேனுக்குக் கீழுள்ள மேற்பார்வையாளர்), பிளாஸ்டர் என்ற வரிசையில் யார் எந்த விதியை எந்தத் தேதியில் செய்யத் தவறினார் என்று அறிக்கையில் பெயரோடு வர வேண்டும். "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுத நேர்ந்தால், அவரை அந்தச் சுவரடியில் நிற்கச் சொன்னது யார் என்று விசாரித்து அதையும் எழுதுங்கள்.