ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் கணித ஸ்பெஷலிஸ்ட்: சேர்வதா, வேண்டாமா?

செயின்ட் ஜோர்ஜ் வளாகத்தின் கலை அறிவியல் பீடத்தில் 20 கிரெடிட் (பாட அலகு) முடித்து இளமாணி அறிவியல் பட்டம் பெறும் எல்லோருக்கும் ஹானர்ஸ் பட்டம்தான். ஒரு ஸ்பெஷலிஸ்ட் (ஒரே துறையில் ஆழமாகப் படிப்பது), இரண்டு மேஜர் (அதைவிடச் சுருக்கமான முதன்மைத் துறை), ஒரு மேஜருடன் இரண்டு மைனர் (சிறிய துணைத் துறை) என மூன்றில் எந்த வழியில் போனாலும் அதேதான். உண்மையான கடினம் ஸ்பெஷலிஸ்டில் இருக்கிறது, அதிலும் கணிதத்தில்.

வந்து இறங்கியதும் அதில் சேர வேண்டியதில்லை. 4 கிரெடிட் முடித்த பிறகுதான் புரோகிராமுக்கு விண்ணப்பிப்பீர்கள். கோடையில் நீங்கள் எடுக்கும் முடிவு வேறு: முதலாம் ஆண்டு நுண்கணிதத்துக்கு மேட் 157 என்ற பாடமா, மேட் 137 என்ற பாடமா? ஸ்பெஷலிஸ்டுக்கு வழக்கமான பாதை மேட் 157, கூடவே நேரியல் இயற்கணிதத்துக்கு மேட் 240, 247.

பிளஸ் டூவிலோ உயர்தர இணைந்த கணிதத்திலோ நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள்தான் இங்கே அதிகம் ஏமாறுகிறார்கள். வகையிடலும் தொகையிடலும் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் மேட் 157 கேட்பது விடையை அல்ல, நிறுவலை. வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்: ஓர் எண் 3-ஐ நெருங்கும்போது அதன் வர்க்கம் 9-ஐ நெருங்குகிறது என்று எப்சிலான்-டெல்டா முறையில் (எல்லையின் துல்லியமான வரையறைப்படி) நிறுவுங்கள். டெல்டாவை 1, எப்சிலானில் ஏழில் ஒரு பங்கு, இவற்றில் சிறியதாக எடுத்தால் போதும். அந்த 7 எங்கிருந்து வந்தது, 1 எதற்கு என்று தாளைப் பார்க்காமல் விளக்க முடிகிறதா? இதில் ஒரு மாலையைச் செலவிட்டும் அலுக்கவில்லை என்றால் மேட் 157 எடுங்கள். எரிச்சல்தான் வந்தது என்றால் மேட் 137 போதும். அதிலும் நிறுவல் உண்டு.

தயங்குபவர்கள் 157-இல் தொடங்குவதே நல்லது. துறை அறிவிக்கும் நாளுக்குள் 137-க்கு இறங்கிவிடலாம், ஏறுவதுதான் கடினம். முதல் தேர்வு விடைத்தாள் வந்ததும் முடிவெடுங்கள், ரோஷத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மருத்துவம்தான் குறி என்றால் 157 வேண்டவே வேண்டாம். அங்கே ஜிபிஏ (சராசரித் தரப்புள்ளி) பேசும். பாடம் எவ்வளவு கடினம் என்பதற்குத் தனிச் சலுகை எதிர்பார்க்க முடியாது. இந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த அளவுகோலில் 85-உம் அதற்கு மேலும் 4.0, 80 முதல் 84 வரை 3.7. கணிதத்திலோ கோட்பாட்டு இயற்பியலிலோ முனைவர் பட்டம் வரை போக நினைப்பவர்களுக்கே இந்தச் சிரமம் பலன் தரும். சரியாகப் போகாத பாடத்தைக் கிரெடிட்/நோ கிரெடிட் (மதிப்பெண் ஜிபிஏவில் சேராமல் தேர்ச்சி மட்டும் பதிவாகும் முறை) ஆக்கித் தப்பலாம் என்றும் நினைக்காதீர்கள்: அப்படி மாற்றிய பாடம் புரோகிராம் கணக்கில் சேராது.

நேரக் கணக்கையும் போடுங்கள். வகுப்பு நேரம் போக 157-க்கு மட்டும் வாரம் 10 மணி நேரமாவது ஒதுக்குங்கள். சர்வதேச மாணவர்கள் பருவ காலத்தில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம் வேலை செய்யலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. அவ்வளவும் வேலை செய்துகொண்டு இந்தப் பாடத்தை ஒப்பேற்ற முடியாது. பயண நேரமும் சேரும்: நகரின் கிழக்கே ஸ்காபரோவில் வீடு எடுத்தால், 2023-இல் மூடப்பட்ட மூன்றாம் ரயில் தடத்துக்குப் பதிலாகப் பேருந்தில் கென்னடி நிலையம் வந்து சுரங்க ரயில் ஏற வேண்டியிருக்கும்.

பாடச் சுமையைக் குறைப்பது பற்றி முதலில் பல்கலைக்கழகத்துக்குள் நீங்கள் சேர்ந்துள்ள கல்லூரியின் ரெஜிஸ்ட்ராரிடம் (பதிவாளரிடம்) பேசுங்கள். ஒசாப் (ஒன்ராறியோ அரசின் மாணவர் நிதியுதவி) உதவி பெறுபவர்கள் முழுச் சுமையில் 60 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் முழுநேர உதவி போய்விடும். நுழைவு உதவித்தொகை இருந்தால் அந்தக் கடிதத்தில் உள்ள நிபந்தனைகளையும் அவரிடம் காட்டுங்கள்.