எக்ஸ் = 3-க்கு கோடு எப்படி போடுறது, ஒய்யே காணோமே?

ஒய் = 2எக்ஸ் + 1னு குடுத்தா நம்ம பிள்ளைங்க டேபிள் போட்டு டக்குனு வரைஞ்சிருவாங்க. எக்ஸ் = 3னு மட்டும் இருந்தா அச்சு மேல 3-ல ஒரு புள்ளிய வச்சிட்டு பேனாவ மூடிர்றாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கு, ஏன்னா ரொம்ப ஈசியான கோடு இதுதான்.

முதல்ல கிராஃப் ஷீட்ல ரெண்டு அச்சும் போட்டு 1 செ.மீ = 1 அலகுனு எழுதிக்கோங்க.

இப்ப எக்ஸ் = 3. ஒய் இல்லனா ஒய் பூஜ்யம்னு அர்த்தம் கிடையாது, ஒய்க்கு எந்த கண்டிஷனும் இல்ல, என்ன வேணா வச்சுக்கலாம்னு அர்த்தம். இந்த ஒரு விஷயம் புரிஞ்சா போதும். (3, –2), (3, 0), (3, 4) மூணையும் குறிச்சு ஸ்கேல் வச்சு இழுங்க, செங்குத்தா நிக்கும். எக்ஸ்னு எழுதியிருக்கேனு எக்ஸ் அச்சுக்கு இணையா படுக்க வச்சிராதீங்க, இது ஒய் அச்சுக்குத்தான் இணை.

அடுத்து 2ஒய் + 8 = 0. 8-அ அந்தப்பக்கம் தள்ளுனா 2ஒய் = –8, அப்ப ஒய் = –4. எக்ஸ் இஷ்டத்துக்கு எடுங்க: (–3, –4), (0, –4), (5, –4). படுக்கை கோடு வரும்.

நம்ம கரையிலயே இதப் பாக்கலாம். போன் மேப்ல மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் மூணையும் அழுத்திப் பாருங்க, அட்சரேகை மூணுக்கும் 9.28-அ ஒட்டியே வரும், தீர்க்கரேகை மட்டும் 79.1-ல இருந்து 79.3 வரைக்கும் கூடிட்டே போகும், அட்சரேகைய ஒய்யாவும் தீர்க்கரேகைய எக்ஸாவும் எடுத்துக்கிட்டா இது ஏறக்குறைய ஒய் = 9.28ங்கிற கோடு. தனுஷ்கோடிக்கு வந்தா 9.2-க்கும் கீழ இறங்கிரும், அது இந்தக் கோட்டுல சேராது. கடலுக்குப் போற அப்பா, மாமா யாராச்சும் இருந்தா ஜிபிஎஸ்ல அந்த ரெண்டு நம்பரையும் காட்டச் சொல்லுங்க, நல்லா சொல்லிக்குடுப்பாங்க.

சாய்வு (ஒய் மாறுன அளவ எக்ஸ் மாறுன அளவால வகுக்கிறது) கேட்டா படுக்கை கோட்டுக்கு 0. செங்குத்து கோட்டுக்கு 0னு எழுதக்கூடாது, அங்க எக்ஸ் மாறவே இல்லாததால பூஜ்யத்தால வகுக்க வேண்டி வரும், அதனால வரையறுக்க முடியாது.

கடைசியா 3ஒய் = 2எக்ஸ். எக்ஸ் = 0 போட்டாலும் ஒய் = 0 போட்டாலும் ஆதிப்புள்ளி (0, 0) ஒண்ணுதான் கிடைக்கும், ஒரு புள்ளிய வச்சு கோடு போட முடியாதுல்ல. ஒய் = 2எக்ஸ்/3னு மாத்திக்கோங்க, எக்ஸ்க்கு 1 குடுத்தா 0.666னு இழுக்கும், அதனால 3-ஓட மடங்கா குடுங்க: (–3, –2), (3, 2), (6, 4). மூணும் ஒரே கோட்டுல விழலனா முதல்ல மைனஸ் இருக்கிற புள்ளிய செக் பண்ணுங்க, பெரும்பாலும் அதுதான் வேற கட்டத்துல போய் உக்காந்திருக்கும்.