மாற்று உலகக் கதைகளை ஆய்வு செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலத்தில் ஸ்பெகுலேட்டிவ் ஃபிக்‌ஷன் என்று சொல்வதைத் தமிழில் ஊகப்புனைவு என்கிறோம். அறிவியல் புனைகதை, மிகுபுனைவு (ஃபேன்டஸி), மாற்று வரலாறு, கனவுலகக் கதை எல்லாம் அதற்குள் வரும். எம்.ஏ. ப்ராஜெக்ட்டுக்கோ பிஎச்.டி.க்கோ இந்தப் பக்கம் வரும் மாணவர்களின் முதல் வரைவுகளை வாசித்துக் கருத்துச் சொல்லும் வேலை எனக்குப் பல வருடங்களாக வாய்த்திருக்கிறது. ஆர்வத்தில் யாருக்கும் குறைவில்லை. ஆனால் பலர் சறுக்குவது ஒரே இடத்தில்தான். அந்த உலகத்தில் என்னவெல்லாம் இருக்கிறது என்று எழுதுகிறார்கள், அதை எந்த வாக்கியம் நமக்குக் காட்டியது என்று எழுதுவதில்லை. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்து முளைப்பவைதான்.

உலகத்தைப் பட்டியல் போடுவது

முதல் அத்தியாயம் முழுக்க அந்தக் கிரகத்தின் தட்பவெப்பம், ஆட்சிமுறை, மதம், உணவு என்று நிரப்பிவிடுவார்கள். இணையத்தில் ரசிகர்கள் நடத்தும் விக்கிகளில் இதெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. ஆய்வு அதற்கு அடுத்த படியில்தான் தொடங்குகிறது.

ராபர்ட் ஹைன்லைன் 1942இல் எழுதிய 'பியாண்ட் திஸ் ஹொரைசன்' நாவலில் ஒரு கதவு வருகிறது. 'தி டோர் டைலேட்டட்' என்கிறார். மூன்றே சொல். கதவு திறந்தது என்று சொல்ல வேண்டிய இடத்தில், இருட்டில் கண்மணி விரிவதற்குச் சொல்வோமே, அந்த வினைச்சொல்லைப் போட்டிருக்கிறார். அப்படியானால் கதவு வட்டமாக இருக்க வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த தொழில்நுட்பம் அங்கே இருக்க வேண்டும். கதாபாத்திரங்கள் அதைப் பார்த்து அசரவும் இல்லை, எனவே அது அங்கே அன்றாடப் பொருள். விளக்கம் ஒரு வரி கூட இல்லாமல் ஒரு நாகரிகமே வந்து நிற்கிறது. சாமுவேல் டிலேனி என்ற எழுத்தாளர், விமர்சகரும் கூட, இப்படிப்பட்ட வாக்கியங்களை வைத்தே இந்த வகை எழுத்தை வாசிக்கும் முறையைப் பற்றிப் பேசினார். 'அவளுடைய உலகம் வெடித்துச் சிதறியது' என்று ஒரு குடும்ப நாவலில் வந்தால் அது மனவேதனை. அறிவியல் புனைகதையில் வந்தால் ஒரு கிரகமே தூளாகியிருக்கலாம். எந்தப் பொருளில் எடுத்துக்கொள்வது என்று வாசகர் தயங்கும் அந்த ஒரு கணம் இருக்கிறதே, எழுத வேண்டியது அதைப் பற்றித்தான்.

உண்மை வரலாற்றோடு ஒப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொள்வது

மாற்று வரலாறு என்றதும் மாணவர்கள் முதலில் எடுப்பது ஃபிலிப் கே. டிக் 1962இல் எழுதிய 'தி மேன் இன் தி ஹை காஸில்'. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியும் ஜப்பானும் ஜெயித்து, அமெரிக்காவைப் பங்கு போட்டுக்கொண்ட உலகம். உடனே இரண்டு பத்திகளில் ஒரு அட்டவணை போடுவார்கள்: இந்தப் பக்கம் நிஜத்தில் நடந்தது, அந்தப் பக்கம் நாவலில் நடப்பது. அட்டவணை தப்பில்லை. அதோடு கடையைக் கட்டிவிடுவதுதான் தப்பு.

வரலாறு எங்கே கிளை பிரிகிறது என்று பாருங்கள். 1933 பிப்ரவரியில் மயாமியில் ஜுசெப்பே ஸாங்கரா என்பவர், அமெரிக்க அதிபராகத் தேர்வாகியிருந்த ரூஸ்வெல்ட்டைச் சுட முயன்றார். நிஜத்தில் ரூஸ்வெல்ட் தப்பித்தார், உடன் இருந்த சிகாகோ மேயர் செர்மாக் காயம்பட்டுப் பின்னர் இறந்தார். நாவலில் ரூஸ்வெல்ட் இறந்துவிடுகிறார். டிக் போர்க்களத்தில் கிளையைப் பிரிக்கவில்லை. போருக்குப் பல வருடம் முன்னால், நிஜத்தில் குறி தவறிய ஒரு துப்பாக்கிக் குண்டில் பிரித்திருக்கிறார். ஏன் அங்கே? இந்தக் கேள்வியைக் கேட்டாலே ஆய்வுக்கு உயிர் வந்துவிடும்.

அப்புறம், நாவலுக்குள் ஒரு நாவல் இருக்கிறது. அதில் நேச நாடுகள் ஜெயிக்கின்றன. 'ஆக, அது நம்முடைய உலகம்' என்று எழுதிவிடுகிறார்கள். இந்தத் தவறு அடிக்கடி வருவதால் அழுத்திச் சொல்கிறேன்: அது நம் உலகம் இல்லை. அந்த உள் நாவலில் ரூஸ்வெல்ட்டுக்கு அடுத்து, அவருடைய ஆலோசகராக இருந்த ரெக்ஸ்ஃபோர்ட் டக்வெல் அதிபராகிறார். நிஜத்தில் டக்வெல் அதிபரானதே கிடையாது, ரூஸ்வெல்ட் 1945இல் சாகும்வரை பதவியில் இருந்தார். ஆக இங்கே மூன்று வரலாறுகள் இருக்கின்றன, இரண்டு இல்லை. நம்முடையதுதான் அசல், மற்றவை நகல் என்ற நிம்மதியை டிக் வாசகருக்குக் கொடுக்கவே இல்லை. இதைத் தவறவிட்டால் நாவலின் மையமே கைநழுவிப் போகும்.

சொல்லளவிலும் பாருங்கள். ஜப்பானியர் ஆளும் சான் பிரான்சிஸ்கோவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் சில்டன் ஒரு வெள்ளை அமெரிக்கர். அவர் தனக்குள் யோசிக்கும் ஆங்கிலத்திலேயே 'தி', 'ஏ' எல்லாம் உதிர்ந்துபோயிருக்கும். ஆளுகிறவர்கள் பேசும் ஆங்கிலம் ஆளப்படுகிறவரின் மனசுக்குள்ளேயே புகுந்துவிட்டது. ஜப்பான் ஜெயித்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எந்த அட்டவணையில் கிடைக்கும்? இதே நாவலை வைத்து வந்த தொடரை மட்டும் பார்த்துவிட்டு எழுதினால் இது எதுவும் கண்ணில் படாது. தொடரில் உள் நாவலுக்குப் பதிலாகப் படச்சுருள்கள் வருகின்றன.

தமிழில் மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே வாசிப்பது

இது நமக்கே உரிய தவறு, ஆங்கிலத் திறனாய்வு நூல்களில் எச்சரிக்கை இருக்காது.

அர்சுலா லெ குவின் 1969இல் எழுதிய 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' நாவலில் கெதென் என்ற பனிக் கிரகம் வருகிறது. அங்கே யாரும் நிரந்தரமாக ஆணோ பெண்ணோ இல்லை. மாதத்தில் சில நாள் மட்டும் ஏதோ ஒரு பால்தன்மை வரும், யாருக்கு எது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒருவரே ஒரு குழந்தைக்குத் தாயாகவும் இன்னொரு குழந்தைக்குத் தகப்பனாகவும் இருக்கலாம். ஆனால் கதைசொல்லியான ஜென்லி வேறு கிரகத்திலிருந்து வந்த ஆண். எல்லோரையும் 'ஹி' என்றே சொல்கிறார். முதல் அத்தியாயத்திலேயே எஸ்ட்ராவென் என்ற கெதெனியரின் நாசூக்கையும் சாமர்த்தியத்தையும் பெண்தன்மை என்று முடிவு கட்டி, அதனாலேயே அவரை நம்பாமல் போகிறார்.

நாம் இதை வாசிக்கும்போது 'ஹி' என்பது மனசுக்குள் 'அவர்' ஆகிவிடுகிறது. 'அவர் வந்தார்' என்றால் ஆணா பெண்ணா என்று தமிழில் தெரியாது. மரியாதை மட்டும்தான் தெரியும். ஆங்கில வாசகரை வரிக்கு வரி உறுத்தும் ஒரு விஷயம் நமக்கு உறுத்தாமலே கடந்துபோகிறது. நாவலில் புகழ்பெற்ற வரி ஒன்று உண்டு: அரசர் கருவுற்றிருக்கிறார் என்ற செய்தி. 'அரசர் கருவுற்றிருந்தார்' என்று எழுதிப் பாருங்கள், 'அரசன் கருவுற்றிருந்தான்' என்றும் எழுதிப் பாருங்கள். முதலாவதில் வினைச்சொல் சாதாரணமாகத்தான் இருக்கிறது, 'அரசர்' மட்டும்தான் இடறுகிறது. இரண்டாவது முழுதாகத் தூக்கிப் போடுகிறது. ஜென்லியின் பார்வைக் கோளாறைத் தமிழில் கொண்டுவர 'அவன்' வேண்டும், கெதெனியர்களின் இயல்பைக் கொண்டுவர 'அவர்' வேண்டும். இரண்டும் ஒரே வாக்கியத்தில் கிடைக்காது.

இந்தச் சிக்கல் லெ குவினையே விடவில்லை. 1976இல் எழுதிய ஒரு கட்டுரையில் 'ஹி' என்று எழுதியதற்கு நியாயம் சொன்னார். 1980களின் பிற்பகுதியில் அதே கட்டுரைக்குள் தன் மறுப்பைத் தானே சேர்த்தார். அதே கெதெனில் நடக்கும் 'வின்டர்ஸ் கிங்' சிறுகதை 1969இல் வந்தபோது எல்லோரும் 'ஹி'. 1975இல் தொகுப்பில் சேர்த்தபோது எல்லோரையும் 'ஷி' ஆக்கினார், ஆனால் 'கிங்' என்ற சொல்லை மாற்றவில்லை. ஒரே உலகம், ஒரே கதை, 'ஹி', 'ஷி' என்ற சுட்டுப்பெயர் மட்டும் வேறு. இரண்டு வடிவத்திலிருந்தும் ஒரே பத்தியை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்பது ஒரு மாணவர் தனக்குத் தானே வைத்துக்கொள்ளக்கூடிய மிக நல்ல பயிற்சி.

தீர்க்கதரிசனமா என்று மதிப்பெண் போடுவது

'ஆர்வெல் 1949இலேயே கண்காணிப்புக் கேமராவைக் கணித்துவிட்டார்' என்ற வகை வாக்கியம். தன் 'நைன்டீன் எய்ட்டி-ஃபோர்' நாவலில் உள்ள சமூகம் கட்டாயம் வந்தே தீரும் என்று தான் நம்பவில்லை, அதைப் போன்ற ஒன்று வரக்கூடும் என்றே நினைக்கிறேன் என்று ஆர்வெல் அந்த வருடமே ஒரு கடிதத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார். கணிப்பு பலித்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தால் 1940களின் ரேஷனும் இடிபாடும் நிறைந்த லண்டன் அந்த நாவலுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது தெரியாமலே போகும்.

பின்னிணைப்பைத் தள்ளிவிடுவது

அதே நாவலில் நாயகன் வின்ஸ்டனின் கதை முடிந்ததும் பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு, நாவலில் ஆளும் கட்சி உருவாக்கும் நியூஸ்பீக் என்ற மொழியைப் பற்றி ஒரு பின்னிணைப்பு இருக்கிறது. அது நியூஸ்பீக்கில் இல்லை, நமக்குப் பழக்கமான ஆங்கிலத்தில் இருக்கிறது. அதுவும் இறந்த காலத்தில்: நியூஸ்பீக் ஆட்சிமொழியாக 'இருந்தது' என்கிறது. 2050க்குள் அந்த மொழி முழுமையாக நிலைபெறும் என்று கட்சி திட்டமிட்டிருந்ததாகவும் சொல்கிறது. இதை எழுதுவது யார்? எந்தக் காலத்திலிருந்து? ஆட்சி கவிழ்ந்த பிறகு எழுதப்பட்டது என்று வாசிப்பவர்கள் உண்டு, மார்கரெட் அட்வுட் அவர்களில் ஒருவர். அவருடைய 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' 1985இல் வந்தது. அதன் கடைசியிலும் 2195இல் நடக்கும் ஒரு கருத்தரங்கின் பதிவு இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு புத்தகக் கழகம் ஆர்வெலிடம் இந்தப் பின்னிணைப்பை நீக்கச் சொன்னபோது, பெரிய வருமானம் போகும் என்று தெரிந்தும் அவர் மறுத்துவிட்டார். எழுத்தாளர் விட்டுக்கொடுக்காத பக்கங்களை நாம் விடலாமா?

லண்டனும் நியூயார்க்கும் மட்டுமே என்று நினைப்பது

பெண்கள் ஆளும் நாடு என்றால் எல்லோரும் 1915இல் வந்த அமெரிக்க நாவலான 'ஹெர்லேண்ட்'டை எடுக்கிறார்கள். அதற்குப் பத்து வருடம் முன்பே, 1905இல், வங்காள எழுத்தாளர் ரொக்கேயா சகாவத் ஹுசைன் 'சுல்தானாஸ் ட்ரீம்' எழுதிவிட்டார், ஆங்கிலத்திலேயே. அது அச்சானது நம் சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய 'இண்டியன் லேடீஸ் மேகஸின்' இதழில்.

சூரிய வெப்பத்தில் சமையல், மேகத்திலிருந்து நேரடியாகத் தண்ணீர், வீட்டுக்குள் அடைபட்ட ஆண்கள் என்று இதையும் பட்டியல் போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் தொடக்கத்தில் ஒரு இடம் வருகிறது. கதைசொல்லி பட்டப்பகலில் தெருவில் கூச்சத்தோடு நடக்கிறாள். எதிரே வரும் பெண்கள் கேலி செய்கிறார்கள். என்ன சொல்கிறார்கள் என்று உடன் நடக்கும் பெண்ணிடம் கேட்டால், 'நீ ஆண்பிள்ளை மாதிரி இருக்கிறாயாம்' என்று பதில் வருகிறது. அவளுக்குப் புரியவில்லை. ஆண்களைப் போலப் பயந்து, கூச்சப்பட்டு நடக்கிறாள் என்று அர்த்தமாம். 'மேனிஷ்' என்ற ஒற்றைச் சொல்லின் பொருளைத் திருப்பிவிட்டார், நாடே திரும்பிவிட்டது. கருவிகளெல்லாம் இதற்குப் பிறகுதான் வருகின்றன.

கலைச்சொல்லை ஒட்டவைப்பது

விமர்சகர் டார்கோ சுவின் அறிவியல் புனைகதையைப் பற்றி 1979இல் வெளியிட்ட நூலின் கலைச்சொற்களை எடுத்து, 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் மீது பொருத்துகிறார்கள். சுவின் மிகுபுனைவைத் தன் வரையறைக்கு வெளியே நிறுத்தியவர் என்பதைக் கவனிப்பதில்லை. டோல்கீனுக்கு வேண்டிய சொற்கள் அவர் 1939இல் தேவதைக் கதைகளைப் பற்றி ஆற்றிய உரையிலேயே இருக்கின்றன. சுவினின் சொற்களைப் பொருத்தக் கூடாது என்று இல்லை, இப்படி ஒரு முரண் இருக்கிறது என்று தெரிந்து பொருத்துங்கள்.

எந்தப் பதிப்பு என்று குறிக்காமல் விடுவது

சின்ன விஷயம் மாதிரித் தெரியும். 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' இன்று கடையில் வாங்கினால், அறிவியல் புனைகதை எதிர்காலத்தைக் கணிப்பதில்லை, இருப்பதை விவரிக்கிறது என்று சொல்லும் ஒரு முன்னுரை பெரும்பாலும் இருக்கும். அதை மேற்கோள் காட்டி '1969இல் லெ குவின் கூறியது போல' என்று எழுதுகிறார்கள். அந்த முன்னுரை 1976இல் சேர்க்கப்பட்டது. நாவல் வந்த வருடம் அதை வாங்கிப் படித்தவர்கள் அப்படி ஒரு கைப்பிடி இல்லாமல்தான் கெதெனின் பனிக்குள் நுழைந்தார்கள்.