பாகின் பதத்தைக் கொண்டு மிட்டாயின் பெயரை அறியும் முறை

கேண்டி, டாஃபி, கேரமல், ஃபட்ஜ் ஆகிய பெயர்களைப் பலரும் வேறுபாடின்றிப் பயன்படுத்துகின்றனர். இவற்றுள் கேண்டி மட்டுமே மிட்டாய் வகைகள் அனைத்துக்குமான பொதுப்பெயர். அமெரிக்காவில் கேண்டி எனப்படுவதையே பிரிட்டனில் ஸ்வீட்ஸ் என்றும் ஆஸ்திரேலியாவில் லாலீஸ் என்றும் சொல்கின்றனர். மற்றப் பெயர்களின் பொருளை அறிய, சர்க்கரைப் பாகு எந்தப் பதம் வரை காய்ச்சப்பட்டது என்று பார்ப்பதே நம்பகமான வழி.

பாகு காயக் காய நீர் வற்றி, அதன் கொதிநிலை ஏறுகிறது. அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கி, ஒரு துளிப் பாகைக் குளிர்ந்த நீரில் விட்டு, நீருக்குள்ளேயே விரலால் உருட்டிப் பாருங்கள். சூடான பாகு தோலில் ஒட்டிக்கொண்டு கடுமையாகச் சுடும் என்பதால், நீரில் விழுந்து ஆறாத பாகை ஒருபோதும் தொடக் கூடாது. துளி மெத்தென்ற உருண்டையாகத் திரண்டு, வெளியே எடுத்ததும் தளர்ந்தால், அது ஏறத்தாழ 112 முதல் 116 டிகிரி செல்சியஸ் வரையிலான ஃபட்ஜ் பதம். 120 டிகிரியை ஒட்டி, உருண்டை தன் வடிவம் குலையாமல் நின்றால் மென்று தின்னும் கேரமலுக்கு ஏற்றது. 150 டிகிரியை நெருங்கும்போது பாகு நீரில் இழையாக இறுகி, வளைத்தால் பட்டென்று ஒடியும்; குச்சி மிட்டாயும் கடலை மிட்டாய் போன்ற மொறுமொறுப்பான வகைகளும் இந்தப் பதத்தில்தான் பிறக்கின்றன.

டாஃபி என்று நாம் எழுதும் ஒரே சொல்லுக்குள் இரண்டு பண்டங்கள் ஒளிந்திருப்பதால், இங்கே கூடுதல் கவனம் தேவை. ஒன்று, வெண்ணெய் சேர்த்து ஒடியும் பதம் வரை காய்ச்சிய கெட்டியான வகை; மற்றது, அதைவிடக் குறைந்த சூட்டில் இறக்கி, காற்று உட்புகும்படி மீண்டும் மீண்டும் இழுத்து மடித்த, மெல்லுவதற்கு இதமான வகை. செய்முறையில் இழுக்கும் வேலை இருந்தால் அது இரண்டாவது வகை என்று கொள்ளலாம்.

பதத்துடன் படிகத்தையும் பார்க்க வேண்டும். காய்ச்சிய கலவையை அசைக்காமல் ஆறவிட்டுப் பிறகு கிளறுவதால் ஃபட்ஜில் நாவுக்குத் தட்டுப்படாத நுண்படிகங்கள் உருவாகின்றன. குச்சி மிட்டாயிலோ படிகமே கூடாது. கண்ணாடிபோல் தெளிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே அதில் குளுக்கோஸ் பாகோ சிறிது எலுமிச்சைச் சாறோ சேர்க்கின்றனர். கற்கண்டு இதற்கு நேர் எதிரானது: அடர்ந்த சர்க்கரைக் கரைசலை நாள்கணக்கில் அசையாமல் வைத்துப் பெரிய படிகங்களை வளர்த்தெடுப்பதே அதன் செய்முறை. மார்ஷ்மெல்லோவுக்கு மென்மையைத் தருபவை ஜெலட்டினும் அடித்துச் சேர்த்த காற்றும்.

வெப்பமானியைப் பயன்படுத்துவோர் முதலில் அதைக் கொதிக்கும் நீரில் வைத்துப் பார்க்க வேண்டும். அது 97 டிகிரி காட்டினால், கருவியின் பிழையானாலும் மலைப்பகுதியின் உயரமானாலும், மேலே சொன்ன ஒவ்வோர் அளவிலிருந்தும் 3 டிகிரியைக் கழித்துக்கொள்ளுங்கள்.