பஃபர் நிரம்பி கேமரா திணறுகிறதா? மெமரி கார்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்டின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குவதுதான் முதல் தவறு. 'விநாடிக்கு 300 எம்பி' என்பது பெரும்பாலும் கணினிக்குப் படங்களை இறக்கும்போது கிடைக்கும் வேகம். பஃபரை (எடுத்த படங்கள் கார்டில் பதிவாகும்வரை காத்திருக்கும் கேமராவின் தற்காலிக நினைவகம்) காலி செய்வதோ கார்டில் எழுதும் வேகம். அதுவும் தொடர்ந்து எவ்வளவு எழுதுகிறது என்பதுதான் முக்கியம்.

ஒரு கணக்குப் போடுவோம். ரா படம் (கேமரா மெருகேற்றாத மூலக்கோப்பு) ஒன்று 50 எம்பி, விநாடிக்கு 20 படம், பஃபர் 3,000 எம்பி. கேமராவுக்குள் விநாடிக்கு 1,000 எம்பி வந்து கொட்டுகிறது. கார்டு விநாடிக்கு 250 எம்பி எழுதினால் 4 விநாடியில், 80 படங்களில் பஃபர் நிரம்பும். 80 எம்பி மட்டுமே எழுதும் கார்டிலும் 65 படம் வரை எடுத்துவிடலாம். 'பெரிய வித்தியாசம் இல்லையே' என்று பலர் ஏமாறுவது இங்கேதான். விரலை எடுத்த பிறகு பஃபர் காலியாக முதல் கார்டுக்கு 12 விநாடி போதும். இரண்டாவதுக்கு 37 விநாடிக்கு மேல் ஆகும். கால்பந்துப் போட்டி என்றால் அடுத்த கோல் அதற்குள் விழுந்துவிடும்.

இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே படத்தைப் பதிவு செய்யும்போது, மெதுவான கார்டின் வேகமே கேமராவின் வேகம். ஒன்றில் சிஎஃப்எக்ஸ்பிரஸ் (எஸ்டியைவிட வேகமான கார்டு வகை), மற்றதில் பழைய எஸ்டி கார்டு என்றால் விலை உயர்ந்த கார்டு வீண். யுஎச்எஸ்-1, யுஎச்எஸ்-2 என்பவை எஸ்டி கார்டின் வேக வகைகள்; இதில் வேகமான யுஎச்எஸ்-2 கார்டின் பின்புறம் இரண்டாவது வரிசையாகத் தொடுமுனைகள் இருக்கும். யுஎச்எஸ்-1 ஸ்லாட்டில் அந்த வரிசைக்கு வேலையே இல்லை; விநாடிக்கு 104 எம்பிதான் அங்கே உச்சவரம்பு.

வீடியோவில் குழப்பம் வேறு மாதிரி. விநாடிக்கு 400 மெகாபிட் என்பதை 400 எம்பி என்று எண்ணி வி90 கார்டு (விநாடிக்குக் குறைந்தது 90 எம்பி எழுதும் என்ற குறி; வி60 என்றால் 60) வாங்குகிறார்கள். 8-ஆல் வகுத்தால் 50 எம்பிதான்; அதற்கு வி60 தாராளம்.

கார்டை நீங்களே சோதித்துவிடுங்கள். கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள் (படங்களை முதலில் நகலெடுத்துக்கொண்டு!), ஃபோகஸை மேனுவலில் வையுங்கள், ஷட்டர் 1/1000. வேகம் குறையும்வரை அழுத்திப் பிடித்து, விரலை எடுத்ததும் பதிவு விளக்கு அணைய எத்தனை விநாடி என்று பாருங்கள். விளக்கு எரியும்போது கார்டையோ பேட்டரியையோ மட்டும் உருவிவிடாதீர்கள்: பஃபரில் காத்திருக்கும் படங்கள் எங்கேயும் பதிவாகியிருக்காது, எந்த மீட்பு மென்பொருளாலும் அவற்றைத் திரும்ப எடுக்க முடியாது.