இன்ஜினுக்குள் வாஷர் விழுந்துவிட்டதா? முதலில் கிக்கரில் இருந்து காலை எடுங்கள்

சேலத்தில் இருந்து ஏற்காடு ஏறும் பாதையில் மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். 13 தாண்டி ஒரு மரத்தடியில் என் பழைய ஸ்ப்ளெண்டர் ஐடிலில் நிற்காமல் அணைந்து அணைந்து போனது. கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் மேனிஃபோல்டு குழாய் வழியாகக் காற்று இழுக்கிறது என்று நானே முடிவு கட்டி, கூட வந்த மச்சான் "கீழ போய் யார்கிட்டயாவது காட்டலாம் மாப்ள" என்று சொல்லச் சொல்லக் கேட்காமல், அதன் ரப்பர் ஓ-ரிங்கைப் பார்க்க இரண்டு போல்ட்டையும் கழற்றினேன். இந்த வண்டியில் சிலிண்டர் கிட்டத்தட்ட படுத்த வாக்கில் இருக்கும், அதனால் மேனிஃபோல்டை எடுத்துவிட்டால் ஹெட்டின் (சிலிண்டரின் தலைப்பகுதி) இன்டேக் வாய், அதாவது காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வழி, மூடி இல்லாத கிணறு மாதிரி வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். விரலில் பிசுக்கோடு ஒட்டியிருந்த வாஷரைக் கவனிக்காமல் கையை உதறினேன். "ணங்" என்று ஒரு சின்னச் சத்தம். தேடினோம், கிடைக்கவில்லை. புல்லுக்குள் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வேறு வாஷர் போட்டு மாட்டி, ஒரு கிக் அடித்தேன். டக். கிக்கர் பாதியில் நின்றுவிட்டது.

வளைந்த இன்டேக் வால்வு, பிஸ்டன் தலையில் பிறை போல ஒரு பள்ளம், ஹெட் வேலை, ஒரு வாரம் பஸ். ஒரே ஒரு கிக்குக்கு.

அதனால் இன்ஜினுக்குள் ஏதாவது விழுந்தால் நாம் செய்யும் தவறுகளில் முதலாவது இதுதான்: "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம்." உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 97.2 சிசி இன்ஜின், கம்ப்ரஷன் சுமாராகப் பத்துக்கு ஒன்று என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிச்சம் இருக்கும் இடம் 11 சிசிதான், அதாவது இருமல் டானிக் பாட்டிலோடு வருகிற அளவு மூடி கொள்கிற இடம். அதுவும் சும்மா கிடக்கும் காலி இடம் இல்லை, அதற்குள்தான் இரண்டு வால்வும் இறங்கி ஏறுகின்றன. பத்து நம்பர் ஸ்பேனர் பிடிக்கிற சாதாரண நட்டின் தடிமனே 5 மில்லிமீட்டர். அது அங்கே எங்கே போய் ஒதுங்கும்? ஐடிலில் 1,400 ஆர்பிஎம் என்றால் பிஸ்டன் நொடிக்கு 23 தடவை மேலே வந்து அந்த நட்டை ஹெட்டோடு சேர்த்து இடிக்கும். பிஸ்டனும் ஹெட்டும் அலுமினியம், நட்டு இரும்பு. யார் ஜெயிப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், கிக் அடிக்காமல் இருந்திருந்தால் அந்த வாஷர் அநேகமாக மூடிய இன்டேக் வால்வின் முதுகில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். டார்ச் அடித்தால் கண்ணுக்கே தெரியும். இன்டேக் வாயில் எது விழுந்தாலும் வால்வு திறக்கும் வரை அது சிலிண்டருக்குள் போக வழியில்லை, வால்வைத் திறந்துவிட்டதே நான்தான். ஆகவே விழுந்தது எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்கும் வரை கிக்கர், செல்ஃப், கியர் போட்டுத் தள்ளுவது எதுவும் வேண்டாம்.

மலையில் இந்தத் தள்ளும் ஆசை ரொம்பவே வரும், இறக்கம்தானே, கியரில் போட்டு உருட்டினால் ஸ்டார்ட் ஆகிவிடும் என்று. உருளுவது சக்கரம் மட்டும் இல்லை, செயின் வழியாக பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்கும் சுற்றும். சரி, நியூட்ரலில் உருட்டிக்கொண்டே அடிவாரம் போய்விடலாமா என்றால், இன்ஜின் பிரேக் இல்லாமல் வெறும் டிரம் பிரேக்கை நம்பி அத்தனை வளைவு இறங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். குட்டி யானைக்குச் சொல்லி வண்டியை ஏற்றிக் கீழே கொண்டுபோங்கள். வாடகை எவ்வளவு கேட்டாலும் வால்வை விட மலிவு.

அடுத்தது, சரியாகத் தேடாமல் இருப்பது. இதில் இரண்டு வகை ஆட்கள் உண்டு. என்னைப் போல "வெளியேதான் விழுந்திருக்கும்" என்று மனதைத் தேற்றிக்கொள்பவர்கள் ஒரு வகை. எடுத்த எடுப்பில் ஹெட்டையே கழற்றச் சொல்பவர்கள் இன்னொரு வகை. கோரிமேட்டில் தெரிந்த பையன் ஒருவன் கார்புரேட்டர் ஸ்க்ரூ உள்ளே போய்விட்டது என்று அழாத குறையாக போன் செய்தான், போய்ப் பார்த்தால் அது சிலிண்டரின் கூலிங் ஃபின் இரண்டுக்கும் நடுவில் செருகிக்கொண்டு நிற்கிறது. ஃபின் இடுக்கு, செயின் ஸ்ப்ராக்கெட் கவர், சென்டர் ஸ்டாண்டு ஸ்பிரிங், உங்கள் பேன்ட் மடிப்பு, எல்லாவற்றையும் பாருங்கள். கழற்றும் முன் கீழே ஒரு தினத்தாளை விரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. கழற்றியது எத்தனை, கையில் இருப்பது எத்தனை என்று எண்ணி வையுங்கள்.

தேடும்போது எல்லோருக்கும் முதலில் வரும் யோசனை காந்தம். நல்ல யோசனைதான், ஆண்டெனா மாதிரி நீளும் காந்தக் குச்சி ஆட்டோமொபைல் கடைகளில் கிடைக்கிறது. ஆனால் காந்தத்தில் ஒட்டவில்லை என்பதற்காக உள்ளே ஒன்றும் இல்லை என்று முடிவுக்கு வராதீர்கள். கார்புரேட்டர் ஜெட் பித்தளை, அது ஒட்டாது. அலுமினிய வாஷர் ஒட்டாது. எவர்சில்வர் சங்கதி சேலத்துக்காரர்களுக்குத் தெரியாததா, இரும்பாலை இருக்கிற ஊர்: அதில் ஒட்டுகிற ரகமும் உண்டு, ஒட்டாத ரகமும் உண்டு. இப்படிப்பட்டதற்குக் குச்சி நுனியில் கெட்டி கிரீஸ் உருண்டை வைத்து எடுக்கலாம், இல்லை வாக்குவம் கிளீனர் வாயில் ஒரு மெல்லிய டியூபைச் சொருகி இழுக்கலாம். போனில் மாட்டிப் பார்க்கும் எண்டோஸ்கோப் கேமரா ஆயிரம் ரூபாய்க்குள் வருகிறது, தலை 5.5 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் ஸ்பார்க் பிளக் ஓட்டையில் தாராளமாக நுழையும். வாங்கி வைத்தால் தப்பே இல்லை, என் அனுபவத்தில் டார்க் ரெஞ்சுக்கு அடுத்து உருப்படியான செலவு அதுதான்.

செய்யவே கூடாதது பஞ்சர் கடை ஏர் ஹோஸை இன்டேக்கில் வைத்து அடிப்பது. வால்வு மூடியிருந்தால் பொருள் எகிறி உங்கள் கண்ணுக்கு வரும், திறந்திருந்தால் நேராக உள்ளே போகும். இரண்டும் நமக்கு வேண்டாம்.

பிளக் கழற்றும்போது மட்டும் இந்த ஏர் தேவைப்படுகிறது, அதுவும் கழற்றும் முன்னால். பிளக்கைச் சுற்றி இருக்கும் பள்ளத்தில் மண், சின்னச் சின்னக் கல், காய்ந்த இலைத் தூள் என்று எல்லாம் சேர்ந்து கிடக்கும். அப்படியே திருகி எடுத்தால் அத்தனையும் சிலிண்டருக்குள்தான் கொட்டும். அரை நிமிட வேலை, முதலில் ஊதி, துடைத்து, அப்புறம் ஸ்பேனரை வையுங்கள்.

திறந்த வாயை அடைக்க பனியன் வேஸ்ட்டைத் திணிப்பதும் நம்ம ஊர்ப் பழக்கம். நூல் நூலாகப் பிரிகிற அந்தத் துண்டை உள்ளே வைத்து, மறந்து, மேலே கார்புரேட்டரை மாட்டிவிட்டு "வண்டி ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை" என்று அரைமணி நேரம் உதைத்த ஆளை எனக்குத் தெரியும். பெரிய துணியாக, பாதி வெளியே வால் மாதிரித் தொங்கும்படி வையுங்கள். மறந்தாலும் கண்ணில் படும்.

ஏர் ஃபில்டர் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். மலை ஏறும்போது பழைய கார்புரேட்டர் வண்டிக்கு மூச்சு முட்டுவது உண்மை. ஏற்காடு உயரம் சுமார் 1,500 மீட்டர், அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தை விட ஆறில் ஒரு பங்கு குறைவு, பெட்ரோல் மட்டும் அதே கணக்கில் வருவதால் கலவை ரிச் ஆகிறது. உடனே யாராவது ஒருவர் ஃபில்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு "இப்ப பாரு பிக்கப்ப" என்பார். பிக்கப் வரலாம். கூடவே ரோட்டுத் தூசி முழுக்க உள்ளே போகும், பிஸ்டன் ரிங்கையும் போரையும் (சிலிண்டரின் உள்சுவர்) உப்புத்தாள் போலத் தேய்க்கும், கொஞ்ச நாளில் நீலப் புகை. நட்டு விழுந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும், தூசிக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். நாள்கணக்கில் நிறுத்திய வண்டி என்றால் ஃபில்டர் பெட்டியைத் திறந்தும் பாருங்கள், எலி தேங்காய் நார், தானியம் எல்லாம் சேர்த்து வைத்திருக்கும்.

ஆர்எக்ஸ் 100 மாதிரி டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதில் இன்டேக்கில் போவது முதலில் கிராங்க் இருக்கும் அறைக்குத்தான் போகும், அங்கிருந்துதான் மேலே. இன்டேக்கில் இருக்கும் ரீட் வால்வின் மெல்லிய இதழ் உடைந்து துண்டு காணாமல் போயிருந்தால், புது ரீட் போட்டு ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அந்தத் துண்டு கைக்கு வரும் வரை தேட வேண்டும், இன்ஜின் கேஸையே பிரிக்க வேண்டியிருந்தாலும்.

"அதெல்லாம் சைலன்சர் வழியா வெளியே போயிருக்கும்" என்று ஆறுதல் சொல்பவர்கள் நிறைய. டிஷ்யூ பேப்பர், சின்ன நூல் என்றால் எரிந்து போகலாம். இரும்பு அப்படிப் போவதற்கு முன் உள்ளே சுற்றி வந்து எல்லோரையும் விசாரித்துவிட்டுத்தான் போகும்.

பொருளை எடுத்தாகிவிட்டது, அதற்கு முன் இன்ஜின் சுற்றியும் இருக்கிறது என்றால் அப்படியே ஓட்டிப் போகாதீர்கள். பிளக் மாட்டிய நிலையில் கிக்கரைக் கையால் அழுத்துங்கள், எதிர்ப்பே இல்லாமல் லேசாக இறங்கினால் வால்வு சரியாக உட்காரவில்லை என்று பெரும்பாலும் அர்த்தம். ஹெட் கழன்று கையில் இருந்தால், இரண்டு வால்வும் மூடியிருக்கும்போது போர்ட்டில் (வால்வுக்குப் போகும் வழி) கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி அந்தப் பக்கம் கசிகிறதா என்று பாருங்கள். சிலிண்டர் சுவரில் நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டுங்கள், நகம் மாட்டுகிற கோடு இருந்தால் போர் வேலை உண்டு. ஹெட் கழற்றும்போது வால்வுகளை இயக்கும் டைமிங் செயினை ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் வாஷரை எடுக்கப் போய் செயினைக் கீழே தொலைத்த கதையாகிவிடும். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போட வேண்டாம்.

கடைசியாக, மெக்கானிக்கிடம் "தானாவே நின்னுடுச்சுண்ணா" என்று சொன்னவன் நான். அவர் பாவம் பிளக், காயில், கார்புரேட்டர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதற்கு நடுவில் நாலைந்து தடவை கிக்கும் அடித்தார். பிஸ்டனில் பிறை ஒன்று இல்லை, எண்ணிப் பார்த்தால் ஐந்து இருந்தது.