ஆற்று வடிநிலக் கணக்கு: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

ஒரு வடிநிலத்துக்கு, அதாவது ஓர் ஆற்றுக்கு மழைநீர் வந்துசேரும் பரப்பு முழுவதற்கும், புதிதாக வந்த இருவர் போட்ட வெள்ளக் கணக்கைப் பார்த்தேன். பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தப்பு, எண்கள் மட்டும் வேறு. அலகு மாறுவது, பரப்பு பிசகுவது எல்லாம் தானாகவே பிடிபட்டுவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மழை எவ்வளவு என்று மட்டும் கேட்பது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். மழையளவு, பரப்பு, ஒரு வழிந்தோடல் விகிதம், மூன்றையும் பெருக்கினால் விடை. விகிதம் வருடம் முழுக்க ஒன்றே! 20 சதுர கிலோமீட்டரில் 50 மி.மீ. பெய்தால் விழுவது 10 லட்சம் கன மீட்டர். பத்தில் ஒரு பங்கு வழிந்தால் ஆற்றுக்கு 1 லட்சம், பாதி வழிந்தால் 5 லட்சம். எது வரும் என்பது பெரும்பாலும் அதற்கு முந்தைய வாரங்களின் மழையில் இருக்கிறது.

ஒரு சிற்றாற்றில் நீர்மட்டம் பதியும் கருவி வைத்திருந்தேன். நீண்ட வறட்சிக்குப் பின் ஒரே நாளில் 60 மி.மீ. பெய்தது. ஆறு ஒரு சாண்கூட ஏறவில்லை. அந்த விகிதத்தையே குறித்துக்கொண்டு, அதற்கேற்ற உயரத்தில் கருவியை விட்டுவைத்தேன். அடுத்த மூன்று வாரம் விட்டுவிட்டு மழை. பிறகு ஒருநாள் 40 மி.மீ.தான் பெய்தது. கருவி தூணோடு போயிற்று, ஒரு பருவத்தின் பதிவும் அதோடு போயிற்று.

அன்று சரிவின் அடிவாரத்தில் நின்றேன். புல்லில் கால் வைத்தால் குதிகாலைச் சுற்றித் தண்ணீர் கசிந்து எழுந்தது. மேலிருந்து மண்ணுக்குள்ளாகவே இறங்கிவந்த நீர் அங்கே நிரம்பியிருந்தது. புதிதாக விழும் துளிக்கு உள்ளே இடமில்லை, நேராக ஓடைக்குத்தான். சரிவின் மேல்பகுதி இன்னும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. மழை நீள நீள, ஓடையை ஒட்டிய அந்த நிரம்பிய பட்டை அகன்றுகொண்டே போகும். ஹியூலெட், ஹிபர்ட் என்ற நீரியல் ஆய்வாளர்கள் 1967-இல் விளக்கியது இதைத்தான்.

கணக்கில் உட்காருமுன் அடிவாரத்தில் ஒரு முழம் தோண்டிப் பாருங்கள். குழியில் நீர் ஊறி நின்றால், கோடையில் எடுத்த விகிதத்தைப் பயன்படுத்தாதீர்கள்.

ஆற்றில் ஓடுவதெல்லாம் இன்றைய மழை என்று நினைப்பது

பல வடிநிலங்களில், வெள்ளமாக வரும் நீரில் கணிசமான பங்கு முன்பே மண்ணுக்குள் கிடந்தது. புது மழை அதை வெளியே தள்ளுகிறது. நீரின் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) அளந்தவர்கள் இதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள்.

வெள்ளம் வந்துசேரும் நேரத்தை மிதக்கும் குச்சியால் கணிப்பது

குச்சி காட்டுவது நீரின் வேகம். வெள்ள அலை பொதுவாக அதை முந்திக்கொண்டு போகும். கீழே இருப்பவர்களுக்கு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவான நேரமே இருக்கிறது.

வடிநிலத்தின் எல்லைக்கோடு ஓடையை வெட்டுவது

நீர் வெளியேறும் முனையைத் தவிர வேறெங்கு வெட்டினாலும் கோடு தப்பு. அழியுங்கள்.

மழையில்லாத மாதங்களில் அளக்காமல் விடுவது

அப்போது ஓடுவது பெரும்பாலும் நிலத்தடி நீர். போய் அளந்துவிட்டு வாருங்கள்.